ஜிம்முக்குப் போகும் முன் ஒரு வலி மாத்திரை

கேள்வி: வணக்கம் அக்கா. வயது 28, எடை 68 கிலோ. மலேசியா, பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லோரியில் குலை ஏற்றுகிறேன். வாரத்தில் ஐந்து ராத்திரி ஜிம். இரண்டு மாதமாக ஜிம்முக்குக் கிளம்பும் முன் டைக்லோஃபினாக் 50 ஒன்று போடுகிறேன். மறுநாள் உடம்பு வலித்தால் காலையில் இன்னொன்று, சில நாள் அதோடு போன்ஸ்டானும். காலையில் வயிறு எரிகிறது. கூட்டாளி ஒருவன் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் மாஜூன் என்ற மூலிகை உருண்டை வாங்கிக் கொடுத்தான். ஒரு மாதமாக அதையும் சாப்பிடுகிறேன், அரை மணி நேரத்தில் வலி பறந்துவிடுகிறது. இனி புரோட்டீன் பவுடர், பிசிஏஏ என்ற அமினோ ஆசிட் பவுடர், தசைக்குச் சக்தி தரும் கிரியேட்டின் மூன்றும் வாங்கலாம் என்று இருக்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரையில் கிட்னி போய் மூன்று வருடமாக டயாலிசிஸ். "பவுடர் குடித்தால் உனக்கும் கிட்னி போகும்" என்று வீட்டில் அம்மா தினம் சண்டை. எந்த வலி மாத்திரை நல்லது? ஜிம்முக்கு முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். டைக்லோஃபினாக்கையும் போன்ஸ்டானையும் இன்றோடு நிறுத்துங்கள். மாஜூனை மட்டும் நீங்களாகச் சட்டென்று விடாதீர்கள். பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். அம்மா கிட்னியை நினைத்துப் பயப்படுவது சரிதான், ஆளைத்தான் மாற்றிப் பிடித்திருக்கிறார். இன்னும் வாங்காத பவுடரைத் திட்டுகிறார், உங்கள் சட்டைப் பையில் இருக்கும் மாத்திரை அட்டையை விட்டுவிட்டார்.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி இருக்கிறது, "லோரியில் குலை ஏற்றுகிறேன்" என்று. முதிர்ந்த மரத்துக் குலை ஒன்று 20, 25 கிலோ வரும். அதைக் கம்பியால் குத்தி, இடுப்பைத் திருப்பி, தோளுக்கு மேலே தூக்கி லோரிக்குள் வீச வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கண்ணாடி போட்டு ஏர்கோன் வைத்த இடத்தில் இதையே செய்தால் அதற்கு ஒரு ஸ்டைலான பெயர் வைத்து மாதக் கட்டணம் வாங்குவார்கள். அதாவது, நீங்கள் காலையில் ஒரு ஜிம்முக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிறீர்கள், ராத்திரி இன்னொரு ஜிம்முக்குப் போய்ப் பணம் கட்டுகிறீர்கள். அப்புறம் தோள் வலிக்காமல் என்ன செய்யும்?

வலி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் மாத்திரையின் கதை தானாகப் புரியும். உங்கள் கோச், தசையில் லேக்டிக் ஆசிட் தேங்கி நிற்பதால் வலிக்கிறது என்று சொல்லியிருப்பார். எல்லா ஜிம்மிலும் அதைத்தான் சொல்கிறார்கள். பயிற்சியில் சேர்ந்த லேக்டேட் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். உங்களுக்கு வலி உச்சத்துக்கு வருவது மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான், இல்லையா? பழக்கமில்லாத பாரத்தைத் தாங்கும்போது தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறு கிழிசல்கள் விழும். முக்கியமாக, பாரத்தை மெல்லக் கீழே இறக்கும்போது தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறதே, அப்போது. அந்த இடத்தைச் சுத்தம் செய்து புதுப்பிக்க உடம்பு ஆள் அனுப்புகிறது. வீக்கமும் சூடும் வலியும் அந்த ஆட்கள் வேலை செய்யும் சத்தம். 24 மணியிலிருந்து 72 மணி நேரம் வரை இருக்கும், பிறகு தானாக அடங்கும்.

டைக்லோஃபினாக், போன்ஸ்டான் என்கிற மெஃபனாமிக் ஆசிட், ஐபுபுரொஃபென், நெப்ராக்ஸன் எல்லாம் ஒரே குடும்பம். பெயரும் நிறமும் வேறாக இருப்பதால் வேறு வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்துப் போடுகிறார்கள். நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். இரண்டு போட்டால் பலன் இரட்டிக்காது, வயிற்றுக்கும் கிட்னிக்கும் ஆகிற கேடு மட்டும் கூடும். உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் செய்வதை இவை தடுக்கின்றன. இந்தச் சூட்சுமத்தை ஆஸ்பிரினில் கண்டுபிடித்து 1971இல் வெளியிட்டவர் ஜான் வேன் என்ற ஆங்கிலேயர். 1982இல் அவருக்கும் இரண்டு ஸ்வீடன்காரர்களுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். சிக்கல் என்னவென்றால், வலியையும் வீக்கத்தையும் கிளப்பும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான் வயிற்றின் உள்சுவரை அமிலத்திடமிருந்து காப்பாற்றுகிறது. உடம்பில் தண்ணீர் குறையும்போது கிட்னிக்கு வரும் ரத்தக் குழாயை விரித்து வைப்பதும் அதுதான். மாத்திரைக்குத் தோள் எது, வயிறு எது என்று தெரியாது. எல்லா இடத்திலும் ஒன்றாக அடைத்துவிடும்.

காலையில் வரும் எரிச்சலுக்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். "எனக்கு கேஸ்ட்ரிக் இருக்கிறது" என்று ஒரு பாட்டில் வெள்ளை மருந்து வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி அதே மாத்திரையைப் போடுகிறவர்களை எங்கள் மருந்துக் கடையில் தினமும் பார்க்கிறேன். மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, வாந்தி கோப்பித்தூள் கலந்த மாதிரி இருந்தாலோ, உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அப்போது என்னிடம் வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கிட்னி விஷயத்துக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுக்கிறேன், உங்கள் வீட்டுக் கதை அப்படி. பகலெல்லாம் வெயிலில் வேர்த்து, ஒரு பாட்டில் தண்ணீரைச் சிக்கனமாகக் குடித்து, சாயங்காலம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடி வேர்க்கிறீர்கள். தண்ணீர் வற்றிய உடம்பில் கிட்னிக்குப் போகும் குழாயை விரித்து வைத்திருக்கும் கையை அந்த மாத்திரை தட்டிவிடுகிறது. அமெரிக்க டாக்டர்கள் நீண்ட தூர ஓட்டக்காரர்களிடம் நடத்தி 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஓட்டம். ஒரு பாதிப் பேருக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐபுபுரொஃபென் 400 மில்லிகிராம், மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. ஓடி முடித்த பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால், வெறும் மாத்திரை போட்டவர்களில் 100க்கு 34 பேருக்குக் கிட்னி அடி வாங்கிய அடையாளம். ஐபுபுரொஃபென் போட்டவர்களில் 52 பேருக்கு. அவர்கள் எப்போதாவது அப்படி ஓடுகிறவர்கள். நீங்கள் மாதம் 25 நாள் வெயிலில் நிற்கிறவர்.

அப்பாவுக்குச் சர்க்கரையில் போனது என்றால் உங்களுக்கும் சர்க்கரை வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். 2019இல் நாடு முழுக்க எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 100க்கு 18 பேருக்குச் சர்க்கரை. நம் இந்தியர்களில் மட்டும் 31 பேர். அதனால் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி, ரத்த அழுத்தம், சர்க்கரை, கிட்னி வேலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கு டயாலிசிஸ், இரண்டு மாதமாக நான் வலி மாத்திரை போட்டிருக்கிறேன் என்று வாய் திறந்து சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் 28 வயதுப் பையனுக்கு யாரும் இதையெல்லாம் பார்க்க மாட்டார்கள்.

சரி, தசையாவது வளர்கிறதா? அதிலும் கேள்விதான். ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 18 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்குத் தினம் 1200 மில்லிகிராம் ஐபுபுரொஃபென், மற்றதற்கு 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் மட்டும். முடிவில் ஐபுபுரொஃபென் கூட்டத்தின் தொடைத் தசை மற்றவர்களில் ஏறக்குறைய பாதியளவுதான் பெருத்திருந்தது. இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைக்கக்கூடாது. 60 வயது தாண்டியவர்களிடம் செய்த வேறொரு ஆய்வில் அதே மருந்து தசை வளர்ச்சிக்கு உதவியது. வயதானவர்கள் உடம்பில் ஓயாமல் ஓடும் அழற்சி வேறு, உங்கள் வயதில் பயிற்சியால் கிளம்பும் அழற்சி வேறு. எப்போதோ சுளுக்குக்கு ஒன்றிரண்டு போட்டதால் தசை கரைந்துவிடாது. தினமும் போடுவதுதான் கட்டுகிற வீட்டை ராத்திரியில் இடிப்பது போல.

இப்போது மாஜூன். என் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் என்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் இருப்பார், தலைவலி ஆனாலும் இடுப்புவலி ஆனாலும் ஒரே பாட்டிலிலிருந்து ஒரே மிக்சரை ஊற்றித் தருவார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவரிடமாவது உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மூலிகை அரை மணி நேரத்தில் வலியைப் பறக்க வைக்காது, தம்பி. அப்படிப் பறந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று நான் சந்தேகப்படுவேன். இந்த மாதிரிக் கறுப்பு உருண்டைகளிலும் ஜாமு என்ற மூலிகைப் பொட்டலங்களிலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் டைக்லோஃபினாக் போன்ற வலி மருந்தையும் அரைத்துக் கலப்பது நம் நாட்டில் பழைய திருட்டு. சுகாதார அமைச்சு அப்படிப் பிடித்த சரக்குகளின் பெயரைத் தொடர்ந்து வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் குலை வெட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கடைக்கு வந்தார். எங்கள் பட்டணத்துப் பெரியவர்களுக்கு வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் எல்லாருமே மிஸ்ஸி, அதாவது நர்ஸ்தான். "மிஸ்ஸி, முட்டிவலி மருந்து தீர்ந்துபோச்சு, இது மாதிரி இருக்கா?" என்று ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தார். உள்ளே லேபிள் இல்லாத பழுப்பு உருண்டைகள். கையும் காலும் குச்சி மாதிரி. முகம் மட்டும் இட்லி போல உப்பி, கன்னம் பளபளவென்று இருந்தது. முழங்கையில் அங்கங்கே நீலத் திட்டுகள். சட்டையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னேன், வயிற்றில் ஊதா நிறக் கோடுகள். இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறாராம். மூன்று நாளாக மருந்து இல்லை, அதனால் தலை சுற்றுகிறது என்றார். ரத்த அழுத்தம் பார்த்தேன், மேல் எண்ணே 90ஐத் தொடவில்லை. காரைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், உடம்பு தன் சொந்தச் சரக்கைச் செய்வதை நிறுத்திவிடும். திடீரென்று வெளிச் சரக்கும் நின்றால் ஆள் விழுந்துவிடுவார். உங்களுக்கு ஒரு மாதம்தான் ஆகியிருக்கிறது, பெரும்பாலும் அவ்வளவு மோசமாக இருக்காது. ஆனாலும் எப்படி நிறுத்துவது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும் என்று சொல்வது இதனால்தான். உங்கள் மாஜூனில் டைக்லோஃபினாக்கும் கலந்திருந்தால், நீங்கள் கணக்கு வைத்துப் போட்டதைவிட அதிகமாகவே உள்ளே போயிருக்கும்.

இனி வாங்குவதாக இருந்தால், மருந்தோ பாரம்பரிய மருந்தோ டப்பாவில் மால் (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் கொண்ட பதிவு எண் இருக்க வேண்டும். கூடவே ஹோலோகிராம் ஒட்டுவில்லை. எண்ணைத் திருடி அச்சடிப்பவர்களும் உண்டு, அதனால் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டி, அதே பெயர் வருகிறதா பாருங்கள். புரோட்டீன் பவுடர் உணவுக் கணக்கில் வருவது, அதில் அந்த எண் இல்லையே என்று பயப்பட வேண்டாம்.

பவுடருக்கு வருவோம். கிட்னி நன்றாக இருக்கிறவருக்கு அளவான புரதம் கிட்னியைக் கெடுக்காது. ஏற்கனவே கெட்டவருக்குத்தான் அளவு பார்க்க வேண்டும். அதனால் ரத்தப் பரிசோதனை முதலில், கடை பிறகு. தசை வளர்க்க ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 1.6 கிராம் புரதம் போதும். உங்களுக்கு அது 110 கிராம் பக்கம். நாலு முட்டையில் 24 கிராம், சமைத்த கோழிக்கறி 150 கிராமில் 40க்கு மேல், 100 கிராம் தெம்பேயில் (புளிக்க வைத்த சோயா) 19, ஒரு கப் வெந்த பருப்பில் ஏறக்குறைய 18. கூட்டிப் பாருங்கள், 100 தாண்டிவிட்டது. மீதி சோற்றிலும் நெத்திலியிலும் வந்துவிடும். நம் தட்டில் உள்ள குறை வேறு: சோறு மலை மாதிரி, கறி தொட்டுக்கொள்ள. காலையில் ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டு, தே தாரே டீ குடித்துவிட்டு மத்தியானம் வரை குலை ஏற்றினால் தசை எதை வைத்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்? தூக்குச்சட்டியில் அவித்த முட்டை இரண்டு எடுத்துப் போங்கள். அதற்கும் நேரமில்லாத நாளில் பவுடர் ஒரு கரண்டி கலக்கிக் குடிக்கலாம், தவறே இல்லை. பிசிஏஏ வேண்டாம். அதில் இருப்பதெல்லாம் முட்டையிலும் பவுடரிலும் ஏற்கனவே இருக்கிறது. ஒரே சாமானுக்கு இரண்டு தடவை காசு.

கிரியேட்டின் நிஜமாகவே வேலை செய்யும் சில பொருள்களில் ஒன்று. நாளைக்கு 3 முதல் 5 கிராம், தினமும். முதல் வாரம் 20 கிராம் அள்ளிப் போடச் சொல்வார்கள், அவசியமில்லை. ஆனால் கிரியேட்டின் சாப்பிட்டால் ரத்தத்தில் கிரியேட்டினின் கொஞ்சம் கூடிக் காட்டும். பெயரும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் குழப்பம். கிட்னி கெடாமலே ரிப்போர்ட்டில் எண் ஏறும், அம்மா அழுவார். அதனால் பரிசோதனையை முடித்து, எல்லாம் சரி என்று டாக்டர் சொன்ன பிறகு ஆரம்பியுங்கள். பின்னாளில் ரத்தம் எடுக்கும்போதும் இதைச் சாப்பிடுவதாகச் சொல்லிவிடுங்கள். வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைப் பெரிய அளவில் போட்டால் பயிற்சியால் உடம்பு அடையும் நன்மையே குறையலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு கொய்யாப்பழம் போதும். மஞ்சள் குழம்பில் இருக்கட்டும். மிளகுச் சத்து சேர்த்த கர்க்யூமின் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் கெட்டிருக்கிறது.

அப்போ வலிக்கு என்ன செய்வது? முதலில் ஐந்து ராத்திரியை மூன்றாக்குங்கள். குலை ஏற்றுகிற உடம்புக்குத் தோளும் முதுகும் பகலிலேயே பயிற்சி முடித்துவிட்டது, ஜிம்மில் நெஞ்சையும் காலையும் பாருங்கள். புதுப் பயிற்சியைக் குறைந்த எடையில் தொடங்குங்கள். ஒரு பயிற்சியை ஒரு தடவை செய்து வலி வந்து போனால், இரண்டாவது வாரம் அதே பயிற்சிக்குப் பாதி வலிகூட வராது. தசை அவ்வளவு சீக்கிரம் பழகிக்கொள்ளும், கொஞ்சம் பொறுமைதான் வேண்டும். விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) எழுகிறவர் ராத்திரி பதினொன்றுக்குப் படுத்தால் எந்தப் பவுடரும் அந்தத் தூக்கத்தை ஈடு கட்டாது. வெந்நீர்க் குளியலும் தைலம் தேய்த்து உருவிவிடுவதும் அந்த நேரத்துக்குச் சுகம் தரும், கெடுதல் இல்லை. வேலைக்குப் போகவே முடியாத வலி என்றால் பாராசிட்டமால் 500 இரண்டு, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கிடையாது. சம்சு என்ற சாராயம் குடித்த ராத்திரியில் அதுவும் வேண்டாம். ஓரிடத்தில் மட்டும் வலி என்றால் டைக்லோஃபினாக் களிம்பு தடவலாம், ரத்தத்தில் கலப்பது மிகச் சிறு பங்கு. ஆனால் கிட்னி ரிப்போர்ட் வந்த பிறகு தடவுங்கள்.

இன்னொன்று, தோட்டத்தில் இருப்பவர் என்பதால் சொல்கிறேன். உடம்பு வலியோடு காய்ச்சலும் இருந்தால் அது ஜிம் வலி இல்லை. டெங்கியாக இருக்கலாம், அதில் டைக்லோஃபினாக் வகை மாத்திரை ரத்தக் கசிவைக் கூட்டும். எலி மூத்திரம் கலந்த சேற்றிலும் ஓடையிலும் நிற்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். கெண்டைக்காலைத் தொட்டாலே வலிக்கும், கண் சிவக்கும், கிட்னியையும் பிடிக்கும். நேற்று அதிகம் தூக்கிவிட்டேன் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தால் இரண்டு நாள் வீணாகும். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோப்பி ஓ, அதாவது பால் இல்லாத காப்பி நிறத்தில் போனாலும் காத்திருக்கக்கூடாது. தசை உடைந்து ரத்தத்தில் கலக்கிறது என்று பொருள், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கிளினிக் முடிந்து ரிப்போர்ட் கையில் வந்ததும் ஒரு நாள் கடைக்கு வாருங்கள். ஞாயிறு தவிர ராத்திரி ஒன்பதரை வரை இருப்பேன். முடிந்தால் அம்மாவையும் அழைத்து வாருங்கள், கிரியேட்டினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள் சொன்னால் நம்ப மாட்டார்.